வளைவில் மூச்சு முட்டிய வண்டி

எலவனாசூர்கோட்டை தீனதயாளனிடம் கடையில் டீயா காபியா என்று கேட்டால், "எது சூடா இருக்கோ அது" என்பார். இதைப் பணிவு என்று நினைத்தவர்கள் உண்டு. பணிவெல்லாம் ஒன்றுமில்லை. டீ என்று சொல்லிவிட்டால் காபிக்காரன் மனசு கோணுமோ என்கிற பயம். அந்தக் கடையில் டீயையும் காபியையும் போடுகிறவன் ஒரே ஆள்தான் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

அவருடைய பெரியப்பா மகன்கள் இரண்டு பேர் வரப்புத் தகராறில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் இருந்த ஒரே சாட்சி இவர்தான். பஞ்சாயத்தில் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் மாட்டப் பாத்துக்கினு இருந்தேன்" என்றார். மாடு எங்கே நின்றது என்றார்கள். "வரப்பு மேல." யாருடைய வரப்பு என்றார்கள். மாடு நிற்கவில்லை, நடந்துகொண்டே இருந்தது என்று சொல்லிவிட்டார். பஞ்சாயத்து கலைந்தது. அண்ணன் தம்பி இருவரும் அதற்குப் பிறகு தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இவரோடுதான் பேசவில்லை.

வாலிபத்தில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டினார். பிறகு லாரி. முட்டி வலி வந்ததும் கள்ளக்குறிச்சியில் ஒரு பழைய டீசல் காரை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். மூன்று கை மாறி வந்த வண்டி. ஆனால் இஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ வைத்தது. மேட்டில் அழுத்தினால், குக்கர் விசில் விடுவதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே, அப்படி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் வண்டி பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி ஏறும். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற பாதையில் ஆளை இறக்கிவிட்டு நடக்க வைக்காத வண்டி என்று அதற்கு ஒரு பெயர் இருந்தது. தீனதயாளனுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பெயர் அதுதான். அதுவும் வண்டிக்குக் கிடைத்தது.

அந்தப் பெயரை நம்பித்தான் ஆஸ்பத்திரி வாடகை வந்தது. வாராவாரம் புதன்கிழமை நர்ஸ் ஜூலியாவையும் குழந்தைகளுக்கான தடுப்பூசிப் பெட்டியையும் வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஒரு துணைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்து காத்திருப்பார்கள். வெயில் ஏறினால் காட்டு வேலை கெடும். அதற்கு மேல் ஒருத்தியும் இருக்கமாட்டாள். ஆகவே வண்டி காலையிலேயே மேலே இருக்க வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கொரோனாவில் நின்ற பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கிய அந்த வருஷக் கடைசியில், இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. ஒரு பக்கத்தார் தங்களுக்குத் தனியாகப் பங்கு வேண்டும் என்றார்கள். இன்னொரு பக்கத்தார் அப்படிக் கொடுத்தால் தங்கள் பங்கு குறையும் என்றார்கள். யார் சொன்னது சரி என்பதைப் பெரிய பெரிய கோர்ட்டெல்லாம் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் சாலையில் நின்ற பையன்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை. முள்ளை வெட்டிப் போட்டு வண்டியை நிறுத்தி, நேராக விஷயத்துக்கு வந்தார்கள்.

"எந்த ஊருங்க?"

"கோட்டை."

"கோட்டையில எந்தப் பக்கம்?"

"கோயிலாண்ட."

கோட்டையில் பழைய பெரிய கோயில் ஒன்று உண்டு. அதைச் சுற்றி எல்லாத் தெருவும் இருக்கிறது. இந்தப் பதில் கொஞ்ச நாள் தாங்கியது. ஒருநாள் ஒரு பையன் கண்ணாடி துடைக்கிற வைப்பரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "கொடி இல்லாத வண்டி யாரு வண்டின்னு எங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்று நியாயம் கேட்டான். அன்றைக்குத் தீனதயாளன் கொடி கட்டுவது என்று முடிவு செய்தார். எந்தக் கொடி என்று கேட்கிறவர்களுக்கு அவரைத் தெரியவில்லை என்று அர்த்தம். இரண்டும்தான்.

கொடிகளின் நிறத்தை இங்கே சொல்வதாக இல்லை. சொன்னால் பாதிப் பேர் கதையை விட்டுவிட்டு நிறத்தோடு போய்விடுவார்கள். முதல் கொடிக்காரர்களின் ஊர்கள் கச்சிராயபாளையம் வரைக்கும் அங்கங்கே; இரண்டாவது கொடிக்காரர்கள் அதற்கு நடுவில். ஒரு கொடி பானட்டின் முன்னால் பறக்கும்போது இன்னொன்றை எங்கே வைப்பது? டேஷ்போர்டுப் பெட்டியைப் பையன்கள் திறந்து பார்க்கிறார்கள். சீட்டுக்கு அடியில் கை விடுகிறார்கள். பானட்டை மட்டும் யாரும் திறக்கச் சொல்வதில்லை. ஆகவே பானட்டைத் திறந்தால் முகப்பு விளக்குக்குப் பின்னால் ஒரு பொந்து மாதிரி இடம் இருக்கிறதே, அதில் சுருட்டிச் செருகி வைத்தார். அங்கேதான் இஞ்சினுக்குக் காற்று இழுக்கிற பிளாஸ்டிக் குழாயின் வாயும் இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருக்கும்.

கொடி மாற்றுகிற இடம் வந்ததும் வண்டியை ஓரம் கட்டி, "தண்ணி பாத்துட்டு வரேன் சிஸ்டர்" என்று இறங்குவார். மார்கழிக் குளிரில் ஒரு ரேடியேட்டருக்கு இவ்வளவு தண்ணீர் தேவைப்படுவதை ஜூலியா பின் சீட்டிலிருந்து வாராவாரம் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜெபமாலையை உருட்டுவாள்.

ஒருநாள் மலையிலிருந்து இறங்கும்போது பானட்டைத் திறந்தார். இரண்டாவது கொடியைக் காணோம். எங்கேயோ வளைவில் விழுந்துவிட்டது என்று நினைத்தார். முதலில் பகீரென்றது. பிறகு, விழுந்த கொடியில் தன் பெயரா எழுதியிருக்கிறது என்று தோன்றியதும் நிம்மதியாகிவிட்டது. அன்றிலிருந்து முதல் கொடியோடு மட்டும் போய், நடுவில் வருகிற ஊர்களைத் தொடாமல் ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்.

அடுத்த புதன்கிழமை வண்டி மலை ஏறவில்லை.

சமதரையில் ஒரு குறையும் இல்லை. கோமுகி அணை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் சீறல் சத்தம் வந்தது. மூன்றாவது கியரில் அழுத்தியதும் சத்தம் அடங்கி, மூச்சு முட்டின மாதிரி வண்டி உட்கார்ந்துவிட்டது. பின்னால் கரும்புகை. இரண்டாவது கியர், முதல் கியர். நடந்து போகிற கிழவர் ஒருவர் முந்திக்கொண்டு போனார். நிறுத்தி அணைத்துவிட்டுக் கொஞ்சம் ஆறப் போட்டு எடுத்தால் இரண்டு வளைவுக்கு நன்றாக ஏறும். மறுபடி உட்காரும். மேலே போய்ச் சேரும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. தாய்மார்களில் பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் ஆரோக்கியதாஸ் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார். ஆரோக்கியதாஸ் அவசரப்படாத மெக்கானிக். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் டாக்டர் மாதிரி கேள்வி கேட்பார்.

"இன்னா கலரு பொகை?"

"கருப்பு."

"கருப்புன்னா காத்து கம்மியா இருக்கணும். இல்லாட்டி டீசல் ஜாஸ்தி போவணும். தரையில இழுக்குதா?"

"தரையில நல்லா போவுது. மேட்டுலதான்."

ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து, ஃபில்டரை எடுத்துத் தட்டி, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வைத்தார். சுத்தமாக இருந்தது. டர்போவிலிருந்து போகிற ரப்பர் குழாய்களில் கிழிசல் இருக்கிறதா என்று விரலால் தடவினார். இல்லை. கிளிப்புகளை முறுக்கினார். டீசல் ஃபில்டரை மாற்றினார். பட்டறையில் நிறுத்தி வைத்து உறுமவிட்டார்; இஞ்சின் சமர்த்தாக உறுமியது. சேலம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்; பறந்தது. நோயாளி டாக்டரைப் பார்த்ததும் நன்றாக இருப்பது மனிதனுக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை.

"அண்ணே, புதுசா எதுனா மாத்துனீங்களா? பானட்டுக்குள்ள எதுனா வச்சீங்களா? எலி கிலி கூடு கட்டிக்கிச்சா?"

பட்டறையில் அப்போது பிற வண்டிக்காரர்கள் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று தெரியாது. தெரிந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்.

"ஒண்ணுமில்லியே" என்றார் தீனதயாளன்.

அவர் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. வைத்தது காணாமல் போய்விட்டது. காணாமல் போனது வண்டியில் இல்லை. இல்லாததைப் பற்றி என்ன சொல்ல இருக்கிறது? தவிர, கொடி காணாமல் போனதையும் இழுவை காணாமல் போனதையும் சேர்த்து நினைக்க அவருக்குத் தோன்றவில்லை. அது கொடி சமாசாரம். இது வண்டி சமாசாரம்.

அடுத்த புதன்கிழமையும் வண்டி உட்கார்ந்தது. அதற்கடுத்த முறை ஆரோக்கியதாஸ் டர்போவையே கழற்றி, உள்ளே இருக்கிற விசிறியை விரலால் சுழற்றிப் பார்த்தார். ஆட்டமில்லை, எண்ணெய்க் கசிவு இல்லை. "டர்போ மேல தப்பில்லண்ணே. டர்போவுக்குப் போவ வேண்டியது போவல. நானே ஒரு நாளு மலைக்கு வந்து ஏறும்போது பாத்தாத்தான் தெரியும்" என்றார். சரியான வார்த்தைதான். ஆனால் கல்லறைத் திருவிழாவிலிருந்தே வந்து சேர்ந்து, பொங்கலுக்குள் கொடுக்க வேண்டிய வண்டிகள் பட்டறை வாசலில் நின்றன; அவரால் நகர முடியவில்லை. தீனதயாளனின் மச்சான் ஒருவர் கண்ணேறு என்று சொல்லி எலுமிச்சம்பழம் கட்டினார். அதைக் கட்டிய பிறகு வண்டி எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்தது.

அந்த மூன்றாவது புதன்கிழமை மேலே போனபோது ஒருத்தர்கூட இல்லை. துணை நிலையத்தைப் பெருக்குகிற அம்மாள் சொன்னாள்: இருசம்மாள் என்று ஒருத்தி, ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊரிலிருந்து கைக்குழந்தையோடு மூன்று வாரமும் வந்தாளாம். மூன்று வாரமும் காத்திருந்துவிட்டுப் போனாளாம். இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

திரும்பி வரும்போது ஜூலியா ஜெபமாலையை எடுக்கவில்லை.

"ஆபீஸ்ல ஜீப்புக்காரருகிட்ட பேசிட்டாங்கண்ணா. அடுத்த வாரமும் லேட்டானா அவருதான். என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

தீனதயாளன் தலையை ஆட்டினார். அந்த வாடகை போனால் வேறு வாடகை வராது என்றில்லை. மலை ஏறாத வண்டி என்று பெயர் வரும். அந்தப் பெயரோடு கள்ளக்குறிச்சி ஸ்டாண்டில் ஒரு நாள்கூட அவரால் நிற்க முடியாது.

அடுத்த புதன்கிழமை விடியுமுன்பே கிளம்பினார்கள். முன்னால் முதல் கொடி பறந்தது. ஏற்றம் தொடங்கி நான்கைந்து வளைவு தாண்டவில்லை, வண்டி உட்கார்ந்தது. அணைத்து ஆறப் போட்டு எடுத்தார். அடுத்த வளைவிலேயே மறுபடி. இந்தத் தடவை பாதி வளைவில், குறுக்கே. பின்னால் ஒரு வேன் வந்து ஹாரன் அடித்தது. அதன் நெற்றியிலும் முதல் கொடி. வெள்ளிமலையில் கூட்டம் போட பேனர் கட்டப் போகிறவர்கள். ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். தலைவர் மாதிரி இருந்தவர் செல்லமுத்து என்கிற மூங்கில்துறைப்பட்டுக் கரும்பு விவசாயி. முகக்கவசத்தைத் தாடையில் மாட்டியிருந்தார். காரின் முன்னால் பறந்த கொடியைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம வண்டியாப்பா! இன்னா ஆச்சி?"

தீனதயாளன் கரும்புகையிலிருந்து எலுமிச்சம்பழம் வரைக்கும் சொன்னார்.

"ஆற வச்சா ஏறுது, அழுத்துனா அடைச்சிக்குது. அதானே? எங்க டிராக்டருக்கு இதே எழவு வருஷா வருஷம். காஞ்ச கரும்பு எல, அந்தச் சோவை போயி காத்துக் கொழாயில ஒக்காந்துக்கும். இஞ்சினு சும்மா நின்னா சோவையும் சும்மா நிக்கும். லோடு இழுத்தாக்கா அதுவும் இழுத்துப் போயி அடைச்சிக்கும். ஃபில்டரப் பாத்தாங்க சரி, அதுக்கு முன்னால கொழா இருக்குதே, அதப் பாத்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. செல்லமுத்து பானட்டைத் தூக்கினார். ஃபில்டர் டப்பாவிலிருந்து விளக்குப் பக்கம் போகிற அந்தப் பிளாஸ்டிக் குழாயை இரண்டு பேர் ஆட்டிப் பிடுங்கினார்கள். "இப்ப எடு" என்றார். எடுத்தார். குழாய் இல்லாத வண்டி சீறிக்கொண்டு அடுத்த வளைவு வரைக்கும் ஓடியது. ஜூலியா பெட்டியோடு பின்னால் சாய்ந்தாள். தீனதயாளன் அந்தச் சத்தத்தை முழுசாகக் கேட்டு ஒரு மாதமாகியிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் துடைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

நிறுத்தி இறங்கித் திரும்பிப் பார்த்தார். வேன்காரர்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். செல்லமுத்து நடந்துகொண்டே குழாய்க்குள் கையை விட்டுத் துழாவினார். அப்போதுதான் தீனதயாளனுக்குக் கொடி சமாசாரமும் வண்டி சமாசாரமும் முதல் முறையாகச் சேர்ந்து நினைவுக்கு வந்தன. கூப்பிட வாயைத் திறந்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

துணி வந்துவிட்டது. வெளியே மண்ணும் அழுக்குமாகக் கரிக்கந்தை. செல்லமுத்து அதை உதறினார். மடிப்புக்குள் நிறம் வைத்தது வைத்தபடி இருந்தது. காரின் முன்னால் அவர்கள் கொடி; செல்லமுத்து கையில் மற்றவர்கள் கொடி.

ஒரு பையன் வேட்டியை மடித்துக் கட்டினான். தீனதயாளன் பள்ளத்தாக்கைப் பார்த்தார். பார்க்க அங்கே மாடுகூட இல்லை.

"ரெண்டாவது கொடியா?" என்றார் செல்லமுத்து.

"ஆமாங்க."

"இதுக்கு எதுக்குடா மொறைக்கிறீங்க?" என்று செல்லமுத்து தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். "எம் மச்சான் கரும்பு லாரி ஓட்டுறான். அவனும்தான் ரெண்டு வச்சிருக்கான், மெத்தைக்கு அடியில. நம்ம வேன்ல இல்லியா? ஏம்பா டிரைவரு, இல்லியா?"

வேன் டிரைவர் குனிந்து காரின் முன் டயரில் ஏதோ பார்க்க ஆரம்பித்தார். வெகு நேரம் பார்த்தார்.

"எல்லாருந்தான் வச்சிருக்கான். ஊருக்கே தெரியும். முள்ளு போடுற பசங்களுக்கும் தெரியும். ஆனா இஞ்சினு மூக்குலயா கொண்டாந்து சொருவுவாங்க? பத்திரமா வை. எறங்கும்போது வேணும்."

யாருக்கும் தெரியக் கூடாது என்று ஒரு மாதம் வண்டியைக் கொன்றுகொண்டிருந்தது எல்லாருக்கும் தெரிந்த ஒன்றுக்காக. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தீனதயாளனுக்குப் புரியவில்லை. எதுவும் செய்யாமல் கொடியை வாங்கிக்கொண்டார். கார்க் கதவைத் திறந்துகொண்டு ஜூலியா இறங்கி வந்தாள்.

"தண்ணி பாக்குறேன், தண்ணி பாக்குறேன்னு எறங்குனீங்களே, இதுக்குத்தானேண்ணா? எனக்கு அன்னிக்கே தெரியும். பொழப்புக்காரரு, போவட்டும்னு வாய மூடிக்கினு இருந்தேன். இது கொழா உள்ள போயிருக்கும்னு நான் கண்டேனா? பச்சப் புள்ளய தூக்கிக்கினு அந்தப் பொம்பள மூணு வாரம் நடந்திருக்கா. இந்தத் துணிக்காக."

அவள் இதைச் சத்தம் போடாமல் சொன்னாள். சத்தம் போட்டிருக்கலாம் என்று தீனதயாளனுக்கு இருந்தது. பஞ்சாயத்தில் ஏச்சு வாங்கியிருக்கிறார், வைப்பர் பிடுங்கின பையனிடம் வாங்கியிருக்கிறார். எதுவும் இப்படி உள்ளே இறங்கியதில்லை. வெட்கமாக இருந்தது.

அவர் காரின் முன்னால் போய், பறந்துகொண்டிருந்த முதல் கொடியின் முடிச்சை அவிழ்த்தார்.

"அது காத்த மறைக்காதுப்பா. அது இருக்கட்டும்" என்றார் செல்லமுத்து.

"இல்லீங்க. எதுக்கும் எடுத்துடறேன்."

கழற்றின குழாயைச் செல்லமுத்துவே மாட்டிக் கொடுத்தார். தீனதயாளன் இரண்டு கொடியையும் ஒன்றாகச் சுருட்டிச் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். வேன் வெகு பின்னால் தங்கிவிட்டது.

துணை நிலையத்தில் நான்கைந்து தாய்மார்கள்தான் இருந்தார்கள். ஊசி போட்டு முடித்து ஜூலியா பெட்டியை மூடும்போது, "அந்த இருசம்மா ஊருக்கு வண்டி போவுமா?" என்று பெருக்குகிற அம்மாளைக் கேட்டார் தீனதயாளன். ஓடை வரைக்கும் ஜீப்பு போகும், அதுக்கப்புறம் செங்குத்து மேடு, எதுவும் ஏறாது என்றாள். ஜூலியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து முன் சீட்டிலேயே உட்கார்ந்தாள்.

ஓடையைத் தாண்டி அந்த மேட்டில் வண்டி சீறிக்கொண்டு ஏறியது. கல் தெறித்தது. கோழிகள் சிதறின. தினைக் காட்டில் குனிந்து நின்ற பெண்ணொருத்தி நிமிர்ந்து, இடுப்புக் குழந்தையை இறுக்கிக்கொண்டு, வண்டியைச் சுற்றி வந்து முன்னாலும் பின்னாலும் பார்த்தாள். போராட்டம் தொடங்கின நாளிலிருந்து கீழேயிருந்து வந்த எல்லா வண்டியிலும் ஏதாவது ஒன்று பறந்துகொண்டிருந்தது.

"நீதான் இருசம்மாளா?" என்றாள் ஜூலியா. "புள்ளைக்கு ஊசி போட வந்திருக்கோம்மா."

"போடுங்க." இருசம்மாள் தீனதயாளன் பக்கம் திரும்பினாள். "எல்லா வண்டியும் கொடி கட்டிக்கினு வருது. ஒங்க வண்டி மட்டும் இன்னா, ஒண்ணும் இல்லாம வருது?"

"கொடி வச்சா வண்டி மேடு ஏற மாட்டேங்குதும்மா" என்றார் தீனதயாளன்.

இருசம்மாளுக்கு அது வண்டி சமாசாரமாகத்தான் பட்டது. அப்படியா என்று கேட்டுக்கொண்டு, குழந்தையின் தொடையிலிருந்து துணியை விலக்கிப் பிடித்தாள்.